மதியம் ஒரு மணிப் பொட்டலம்

பொட்டலம் கட்டுவதில் எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். மாக் மண்டின் தொழிற்பேட்டையில், அலமாரி, மேசை, கட்டில் எல்லாவற்றையும் பலகை பலகையாகச் செய்து பெட்டியில் அடைத்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாங்களே மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு வேண்டிய திருகாணி, மர முளை, கீல், வளைந்த சாவி எல்லாவற்றையும் எண்ணி ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டுவதுதான் எங்கள் மேசையின் வேலை. ஒரு அலமாரிக்கு ஒரு பொட்டலம். ஒட்டியதும் தராசில் வைப்போம். எடை சரியாக இருந்தால் பச்சை விளக்கு, கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு. என் பொட்டலத்துக்குச் சிவப்பு எரிந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். இதே பெருமைதான் போன வருடம் என் வீட்டுக்காரரின் வலது கால் கட்டைவிரலைக் கொண்டுபோகப் பார்த்தது.

அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பட்டர்வொர்த் பக்கத்துத் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். எங்கள் வீடு கடலுக்கு இந்தப் பக்கம், ஜார்ஜ்டவுனில் ஒரு அடுக்குமாடியில், பதினோராவது மாடி. காலையில் ஒரே மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் ஃபெரி ஏறிக் கடலைத் தாண்டி, என்னை வாசலில் இறக்கிவிட்டு அவர் துறைமுகத்துக்குப் போவார். வேலைக்குப் போடும் கனத்த பூட்ஸின் உள்பக்கத் தையல் பிரிந்து கட்டைவிரலை உரசியிருக்கிறது. சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்துபோயிருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் காலுறையில் ஈரத்தைப் பார்த்துவிட்டு நான்தான் கழற்றச் சொன்னேன். விரலின் அடிப்பக்கம் ஒரு ஐந்து காசு அளவுக்குக் குழி விழுந்திருந்தது. முதலில் திட்டினேன், பிறகு சமையலறைக்குப் போய் அழுதேன். எங்கள் வீட்டில் எதற்கும் இதுதான் வரிசை.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார். கிருமி எலும்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இனிமேல் ஆண்டிபயாடிக் மாத்திரை, காலையும் மாலையும், ஆறு வாரம். அது வேலை செய்தால் விரல் தப்பிக்கும், இல்லாவிட்டால் விரலின் அடி மூட்டு வரைக்கும் எடுக்க வேண்டியிருக்கும். வலது கால் கட்டைவிரல் இல்லாதவரைக் கம்பெனி டாக்டர் மறுபடி லோரியில் ஏற விடுவாரா என்பது சந்தேகம். வாயைத் திறந்து அதிகம் பேசாத மனிதர், அன்று முழுக்கத் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு லோரி வெறும் பிழைப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதுகூட, சாலையில் போகும் கண்டெய்னரின் சத்தத்தை வைத்து அதில் சரக்கு இருக்கிறதா, காலியா என்று சொல்லுவார். யாரும் கேட்காமலே சொல்லுவார்.

அன்று நான் எங்கள் பழைய காரை எடுத்துவரப் போனபோது அவர்தான் மருந்துக் கவுண்டரில் நின்று எல்லாவற்றையும் வாங்கி வந்தார். வீட்டுக்கு வந்ததும் மேசையைத் துடைத்து, கத்தரிக்கோல், சின்னப் பிளாஸ்டிக் பைகள், பேனா எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஆண்டிபயாடிக், இரத்தம் குறைவாக இருக்கிறது என்று கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை. ஒவ்வொன்றையும் அட்டையிலிருந்து பிரித்துக் காலைக்கு ஒரு பை, மாலைக்கு ஒரு பை என்று போட்டேன். மதியத்துக்குப் பை இல்லை. மதியம் நான் வேலையில் இருப்பேன், இவரை நம்பி விட முடியாது. அவர் பக்கத்தில் வந்து நின்று, அந்த மாத்திரையைப் பற்றிக் கவுண்டரில் என்று எதையோ ஆரம்பித்தார். எனக்குத் தெரியும், நீங்கள் போய்க் காலை நீட்டி உட்காருங்கள் என்றேன். அவர் போய் உட்கார்ந்தார். காலி அட்டைகளும், மலாயில் ஏதேதோ அச்சடித்து ஒட்டியிருந்த ஆஸ்பத்திரிப் பைகளும் குப்பைக்குப் போயின. தொழிற்சாலையில் திருகாணி வந்த அட்டைப்பெட்டியை யாரும் வைத்துக்கொண்டு இருப்பதில்லை.

அந்த வாரமே எங்கள் அன்பியத்தார் வந்தார்கள். அன்பியம் என்றால் எங்கள் வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடு வீடாகக் கூடும் ஜெபக் கூட்டம். முன்பெல்லாம் நோயாளியைப் பார்க்க ஆரஞ்சும் ஆப்பிளும் கொண்டுவருவார்கள். இப்போது எல்லாரும் படித்துவிட்டார்கள், சத்து மாத்திரை கொண்டுவருகிறார்கள். ஒரு அக்கா எலும்புக்கு நல்லது என்று கால்சியம் கொடுத்தார். இன்னொருவர் புண் சீக்கிரம் ஆறும் என்று சிங்க். பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் ஒருத்தி கால் பிடிப்புக்கு மெக்னீசியம் வாங்கி வந்திருந்தாள். நான்கு பேர் கால்சியம் சேர்த்த பால் மாவு டின் வைத்துவிட்டுப் போனார்கள். இவ்வளவு பேர் நம்மை நினைக்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு புட்டியையும் வீணாக்கவில்லை. காலைப் பை கொழுத்துப்போய் ஏழு மாத்திரை ஆனது. மிச்சம் கிடந்ததை மாலைப் பைக்கும் பங்கு போட்டேன்.

தினமும் காலை ஆறு மணிக்கு, நான் கிளம்புவதற்கு முன், ஒரு பெரிய கோப்பை நிறையப் பால் கரைத்து அந்தப் பையை அவர் கையில் கொடுப்பேன். ஏழும் உள்ளே போகும்வரை எதிரில் நிற்பேன். ஒன்றுகூடத் தவறவில்லை. ஃபெரியில் தனியாகப் போகும்போது, புண் ஆறி அவர் என்னோடு திரும்ப இந்த வழியாக வரும் நாளைக் கற்பனை செய்துகொள்வேன். அந்த முதல் இரண்டு வாரமும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது என்று இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கையில் வேலை இருந்தால் எனக்குப் பயம் தெரியாது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவர் கிளினிக்கில் போய்க் கட்டு மாற்றிக்கொண்டார். அங்கே முதலில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த நர்ஸ், இரண்டாவது வாரத்தில் புண்ணைப் பார்த்துப் பேச்சைக் குறைத்துக்கொண்டாராம். ஆஸ்பத்திரியில் மறுபடி காட்டும் நாள் வந்தது. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார், இரத்தச் சோதனைத் தாளைப் பார்த்தார். கிருமி எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை, இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம், இதே நிலை என்றால் விரலை எடுக்க நாள் குறிக்க வேண்டியதுதான் என்றார். பிறகு என்னைப் பார்த்து, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. என்னிடம் வந்தா இந்தக் கேள்வி. எல்லா மருந்தையும் கொண்டுவரச் சொல்லி ஆஸ்பத்திரிக் கடிதத்தில் போட்டிருந்ததால் ஒரு கூடை நிறையப் பொட்டலமும் புட்டியும் கொண்டுபோயிருந்தேன். கூடையைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். அவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழ்மாடியில் மருந்தாளரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார்.

மருந்தாளர் ஒரு தமிழ்ப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. என் பொட்டலங்களை எடுத்துப் பார்த்து, இவ்வளவு சுத்தமாக யார் கட்டியது என்று கேட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு காலைப் பையைப் பிரித்து நீலத் தட்டில் கொட்டினாள். மாத்திரை எண்ணும் மழுங்கிய கத்தியால் ஒவ்வொன்றாகத் தள்ளி, ஆண்டிபயாடிக்கை ஒரு ஓரத்தில் தனியாக வைத்தாள். எதிர் ஓரத்தில் இரும்பு, கால்சியம், சிங்க், மெக்னீசியம். எதோடு குடிக்கிறார் என்று கேட்டாள். பால் என்றேன், அதிலும் கால்சியம் சேர்த்தது என்று விளக்கமாகச் சொன்னேன். வயிற்று எரிச்சலுக்கு ஏதாவது குடிக்கிறாரா என்றாள். இத்தனை மாத்திரைக்கு எரியாமல் இருக்குமா, ஒரு வெள்ளைத் தண்ணி மருந்து கொடுக்கிறேன் என்றேன். அவள் அந்தக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆண்ட்டி, இதுல எதுவும் கெட்ட மருந்து இல்ல லா. ஆனா ஒன்னா உள்ள போனா, இந்தச் சத்தெல்லாம் ஆண்டிபயாடிக்க வயித்துக்குள்ளயே புடிச்சுக்கும். ரத்தத்துல ஏற விடாது. புண்ணுக்குப் போய்ச் சேர்றது கொஞ்சந்தான்."

சத்து எப்படி மருந்தைக் கெடுக்கும் என்று சண்டைக்கே போனேன். அவள் கோபப்படவில்லை. இரும்பும் கால்சியமும் மற்றதும் உலோகச் சத்துகள், இந்த வகை ஆண்டிபயாடிக் அவற்றோடு ஒட்டிக்கொண்டால் உடம்பு அதை உறிஞ்ச முடியாது, பாலிலும் அந்த வெள்ளை மருந்திலும் இருப்பதும் அதே சங்கதி என்று பொறுமையாகச் சொன்னாள். எல்லா ஆண்டிபயாடிக்கும் இப்படி இல்லையாம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும், வீட்டில் சாப்பிடும் சத்து மாத்திரைகளையும் மறக்காமல் சொல்ல வேண்டும் என்றாள். மருந்து வந்த ஆஸ்பத்திரிப் பையில் ஒட்டிய எச்சரிக்கையிலேயே இது இருக்குமே என்றாள். அது எந்தக் குப்பைமேட்டில் கிடக்கிறதோ.

விட்டதைப் பிடிக்க இன்று இரவிலிருந்து இரட்டிப்பாகக் கொடுக்கலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றாள். இரும்பை நிறுத்திவிடட்டுமா என்றேன். அதையும் நாமாக நிறுத்தக் கூடாது, டாக்டர் காரணத்தோடுதான் கொடுத்திருக்கிறார் என்று சொல்லி, அப்போதே மேலே டாக்டருக்குப் போன் செய்தாள். பேசி முடித்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். காலை ஏழு, மாலை ஏழு: ஆண்டிபயாடிக், வெறும் தண்ணீரோடு. மதியம் ஒரு மணி: இரும்பு மட்டும். ஆண்டிபயாடிக் போட்டு இரண்டு மணி நேரமாவது போன பிறகுதான் சத்து மாத்திரை, சத்து மாத்திரை போட்டுவிட்டால் அடுத்த ஆண்டிபயாடிக்குக்கு ஆறு மணி நேரம் வேண்டும். இந்த மருந்துக்கு அதுதான் விதி, ஒரு மணி என்றால் நடுவில் சரியாக உட்காரும் என்றாள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை எப்போதும்போல. மற்ற சத்துப் புட்டிகள் எல்லாம் ஆண்டிபயாடிக் முடியும் வரைக்கும் அலமாரியில் இருக்கட்டும். காலையில் பால் வேண்டாம், பத்து மணிக்குக் குடிக்கலாம். வயிறு எரிந்தால் அந்த வெள்ளை மருந்தை எடுக்காமல் அவளிடம் கேட்க வேண்டும். ஆறு வாரக் கணக்கை டாக்டர் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கச் சொல்லியிருந்தார்.

காரில் ஏறியதும் வழக்கம்போல ஆரம்பித்தேன். கவுண்டரில் நின்று வாங்கினீர்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்களா, காதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று வெல்டு கீ சாலை வரும்வரை நிறுத்தவில்லை. அவர் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். தண்ணீருக்கு அந்தப் பக்கம் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. சிவப்பு விளக்கில் கார் நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"சொன்னாங்க. இரும்பு மத்தியானம் போடணும், பாலோட கூடாதுன்னு சொன்னாங்க. வீட்டுக்கு வந்து உங்கிட்ட சொல்ல வந்தேன். எனக்குத் தெரியும்னு சொல்லிட்ட."

அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி துளிகூட இல்லை. அது இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். பச்சை விளக்கு எரிந்தும் என்னால் காரை எடுக்க முடியவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். கொஞ்சம் தள்ளி ஓரமாக நிறுத்தினேன். மேசையும் கத்தரிக்கோலும், பக்கத்தில் ஒற்றைக் காலைத் தாங்கிக்கொண்டு அவர் நின்றதும் அப்படியே கண்முன் வந்தது. அப்புறமாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ அவ்ளோ ஆசையா கட்டிக் குடுக்குற. அத எப்படிக் குத்தம் சொல்றது?"

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டது அன்றுதான். அவர், சரி வண்டியை எடு, பசிக்குது என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. என் கோபத்துக்குப் பயந்து ஒரு மனிதர் தன் விரலையே விட்டுக்கொடுக்க இருந்திருக்கிறார். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்.

மறுநாளிலிருந்து ஆண்டிபயாடிக் அதன் அட்டையிலேயே இருந்தது. புதிதாகக் கொடுத்த ஆஸ்பத்திரிப் பையை, எச்சரிக்கை எழுத்து தெரியும்படி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். நான் கிளம்பும் நேரத்தில் அவர் மருந்து நேரம் இன்னும் வந்திருக்காது. எதிரில் நின்று விழுங்க வைக்கும் உத்தியோகம் எனக்குப் போய்விட்டது. ஏழு மணிக்கு அவரே அட்டையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, பாலில்லாத, சர்க்கரையும் இல்லாத தேநீர், இங்கே சொல்வதுபோல் தே ஓ, குடிப்பார். அதைக் குடிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை, அந்த நேரத்தில் நான் ஃபெரி இறங்கிவிடுவேன்.

மதியம்தான் எனக்குச் சோதனை. ஒரு மணிக்குத்தான் எங்களுக்கும் சாப்பாட்டு நேரம். கேண்டீனில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போட்டாரா, தூங்கிவிட்டாரா, போன் செய்து ஒரு சத்தம் போடலாமா என்று கை பரபரத்தது. எனக்கு முன்னால் அவரே ஒரு குரல் செய்தி அனுப்பினார். "இரும்பு ஒன்னு. போட்டாச்சு." அவ்வளவுதான். பின்னால் எங்கள் வீட்டு மின்விசிறிச் சத்தம் கேட்டது. மறுநாளும் அதே நேரம், அதே வார்த்தை. ஒரு நாள்கூட நான் கேட்டு அவர் சொன்னதில்லை.

அன்பியத்தாரிடமும் சொன்னேன். மறைத்தால் எனக்குத்தான் தூக்கம் வராது. கால்சியம் கொடுத்த அக்கா பதறிப்போய், ஐயோ நான் அல்லவா கொண்டுவந்தேன் என்று கண் கலங்கினார். மருந்து கொடுத்தது நீங்கள் இல்லை, நான்தான் என்றேன். ஆசிரியை உடனே தன் அம்மாவின் மருந்துப் பையைப் போனில் படம் பிடித்து வந்து காட்டி, இதிலும் அப்படி ஏதாவது இருக்குமா என்று என்னிடம் கேட்டாள். இருபத்திரண்டு வருட அனுபவத்தோடு சொன்னேன், எனக்குத் தெரியாது, மருந்தாளரைக் கேள் என்று. வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தது எனக்குத் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் என்னைப் புண்ணைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார். குழியின் ஓரம் இளஞ்சிவப்பாக உள்நோக்கி வந்திருந்தது. இரத்தச் சோதனையில் கிருமிக் கணக்கும் இறங்கியிருந்தது. பொட்டலத்தை மாற்றியதுதான் காரணமா என்று கேட்டேன். அது மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, சர்க்கரையும் குறைந்திருக்கிறது, காலுக்கு ஓய்வும் கிடைத்திருக்கிறது, ஆனால் இப்போதுதான் மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகிறது என்றார். விரலை எடுப்பதைப் பற்றி அன்று பேச்சே வரவில்லை. ஆறு வாரத்தில் மருந்து முடிந்தது. தோல் முழுக்க மூட இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. விரல் கொஞ்சம் கோணலாகவும் நகம் பாதியாகவும் இருக்கிறது. பார்க்க அழகாக இல்லை, எனக்கு அதைவிட அழகான விரல் உலகத்தில் கிடையாது.

கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்ட மறு திங்கட்கிழமை அவர் வேலைக்குக் கிளம்பினார். புதுப் பூட்ஸுக்குள் கையை விட்டு உள்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காலை நுழைத்தார், அதையும் நான் சொல்லவில்லை. இரும்பு மாத்திரை இன்னும் இரண்டு மாதம் உண்டு என்பதால் அட்டையிலிருந்து ஒன்றை அவரே வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரே மோட்டார் சைக்கிளில் ஃபெரி ஏறினோம். என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கவனமாக ஓட்டுங்கள் என்று சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு மணிக்குக் கேண்டீனில் போன் ஒலித்தது. நான் சோற்றைப் பிசைந்த கையோடு இடது கையால் குரல் செய்தியை அழுத்தினேன். "இரும்பு ஒன்னு. போட்டாச்சு." பின்னால் மின்விசிறிச் சத்தம் இல்லை. நின்றுகொண்டிருக்கும் லோரியின் இன்ஜின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சொல்லி முடித்ததும், சத்தத்தை எனக்குக் காட்டுவதற்காகவே ஆக்ஸிலரேட்டரில் ஒரு தடவை காலை அழுத்தினார். இன்ஜின் உறுமியது. வலது கால்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். நான் அதை மறுபடி போட்டுக் கேட்டேன்.